ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு முன்: மலையகத் தொழில்தருநர்கள் பயிற்சி நிலையங்களோடு சேர்ந்து ஆட்களை உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நிறம் பிரிக்கும் இயந்திரம் மூன்று வாரம் ஓடாமல் நின்றது. தூளில் கலந்திருக்கும் காம்பையும் நாரையும் கேமராவால் கண்டுபிடித்து, காற்றை ஊதித் தள்ளிவிடும் இயந்திரம் அது. பழுதுபார்ப்பவர் கொழும்பிலிருந்து வரவேண்டும். அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கடைசியில் வந்தவர் காற்றுக் குழாயின் வடிகட்டியில் தேங்கியிருந்த தண்ணீரை வடித்தார், அடைபட்டிருந்த இரண்டு வால்வுகளைச் சுத்தம் செய்தார், ஒரு மணி நேரத்தில் இயந்திரத்தை ஓடவைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் தொழிற்சாலைக்குக் கீழேயுள்ள தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்த ஒரு பையன் அந்த மூன்று வாரமும் கொழும்புப் புறக்கோட்டையில் கைபேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய அம்மா பறிக்கும் கொழுந்து நாள்தோறும் அதே தொழிற்சாலைக்குத்தான் வருகிறது.

மலையகத்தில் ஆட்சேர்ப்பிலும் பயிற்சியிலும் 18 வருடங்கள் கழித்துவிட்டேன். முதலில் தேயிலைத் தொழிற்சாலை, பிறகு ஹோட்டல். இந்தக் காலத்தில் நான் கண்டது இது: எங்கள் ஊரில் வேலையும் இருக்கிறது, படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவே போய் நின்று பேசும் ஆள்தான் இல்லை. அந்த ஆளாகத் தொழில்தருநர் மாறவேண்டும். பாடசாலையும் பயிற்சி நிலையமும் தானாக வந்து கதவைத் தட்டும் என்று காத்திருந்தால் இன்னும் பத்து வருடங்கள் போகும். தொழிற்சாலை நிர்வாகிகள், ஹோட்டல் உரிமையாளர்கள், வாகனத் திருத்தகம் வைத்திருப்பவர்கள், ஆடைத் தொழிற்சாலை அதிகாரிகள் எல்லோரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: குறையை வேலையின் பெயரால் எழுதுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, பண்டாரவளை என்று எங்கே போனாலும் ஒரே பல்லவிதான்: "பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை, ஆங்கிலம் தெரியாது, நின்று வேலை செய்யமாட்டார்கள்." இதை அப்படியே கொண்டுபோய் ஒரு பயிற்சி நிலையத்தின் மேசையில் வைத்தால், அங்கே இருப்பவரால் எதுவும் செய்ய முடியாது. பொறுப்பு என்று எந்தப் பாடத்திட்டத்திலும் ஒரு பாடம் கிடையாது.

ஒரு கொப்பியை எடுத்து மூன்று நிரல்கள் போடுங்கள். கடந்த ஆறு மாதங்களில் எங்கே வேலை நின்றது, எது திரும்பி வந்தது, எந்த முறைப்பாடு வந்தது என்பதை முதல் நிரலில் எழுதுங்கள். அப்போது எந்தச் செயலைச் செய்ய ஆள் இல்லாமல் போனது என்பது இரண்டாவது நிரல். அந்தச் செயலை இப்போது நன்றாகச் செய்யத் தெரிந்தவர் யார், அவருக்கு என்ன வயது என்பது மூன்றாவது நிரல். பல இடங்களில் இந்த மூன்றாவது நிரல்தான் நிர்வாகியின் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு தொழிற்சாலையில் எழுதிப் பார்த்தபோது, முக்கியமான ஏழு வேலைகளில் ஐந்தைத் தெரிந்தவர்கள் 55 வயதைத் தாண்டியிருந்தார்கள்.

இரண்டாவது நிரலை எவ்வளவு நுணுக்கமாக எழுதவேண்டும் என்பதற்குக் கொழுந்து வாட்டுவதையே எடுத்துக்கொள்கிறேன். "வாட்டும் மாடிக்கு நல்ல ஆள் வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. அந்த மாடியில் நடப்பது என்ன? மாலையில் வந்த கொழுந்தைத் தொட்டியில் ஒரே கனத்தில் பரப்புகிறார்கள். கீழிருந்து காற்று போகிறது. மழைக் கொழுந்தாக இருந்தால் முதலில் மேல் ஈரம் போகவேண்டும். அதற்குச் சூடான காற்றை எவ்வளவு நேரம் கலப்பது என்பதை, காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரக் குமிழ், உலர் குமிழ் வெப்பமானிகள் இரண்டையும் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். 12 முதல் 18 மணி நேரம் வரை இப்படிப் போகும். விடியற்காலையில் அந்த மாடியைப் பார்க்கும் அனுபவமுள்ள பெரியவர் வந்து ஒரு கை அள்ளுகிறார், இறுக்கிப் பிசைகிறார், விரல்களை விரிக்கிறார். உருண்டை சட்டென்று உதிரக்கூடாது, மெதுவாகப் பிரியவேண்டும். காம்பு முறியும் ஓசை கேட்கக்கூடாது. பச்சை வாசம் போய்ப் பழத்தின் வாசம் மெல்ல ஏறியிருக்கவேண்டும். "இறக்கலாம் தம்பி" என்கிறார். அவர் தவறினால் உருட்டும் அறையில் எவ்வளவு கெட்டிக்காரன் நின்றாலும் அந்த நாளின் தூளைக் காப்பாற்ற முடியாது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்ற கணக்கில் ஓடும் தொழிலில் இது சின்ன நட்டமா?

இப்போது இரண்டாவது நிரலில் எழுதவேண்டியது தெளிவாகிறது: வெப்பமானிகளைப் படித்துப் பதிவு செய்தல், கொழுந்தின் ஈரத்தைப் பார்த்துக் காற்றை மாற்றுதல், கையால் பதம் பார்த்தல், அடுத்த அணிக்கு எழுத்தில் விபரம் கொடுத்தல். முதலாவதையும் நாலாவதையும் வகுப்பறையில் கற்றுக்கொடுக்கலாம். இரண்டாவதும் மூன்றாவதும் அந்த மாடியில், அந்தப் பெரியவரின் பக்கத்தில் நின்றால்தான் வரும். எதைப் பயிற்சி நிலையத்திடம் கேட்பது, எதை நாமே கற்றுக்கொடுப்பது என்ற பிரிவினை இப்படித்தான் பிறக்கிறது.

கொப்பியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இன்னொரு கேள்வியைப் போடுங்கள்: இது உண்மையிலேயே திறனில் உள்ள குறையா? வேலை தெரிந்த ஆறு பேர் ஒரே வருடத்தில் விலகிப் போயிருந்தால் அது சம்பளத்தில் உள்ள குறை. இரவு அணிக்கு ஆள் இல்லையென்றால், அணி முடியும் நேரத்தில் பஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்கள் சேரவில்லையென்றால் கழிப்பறையையும் உடைமாற்றும் அறையையும் போய்ப் பாருங்கள். இவற்றை எந்தப் பயிற்சி நிலையத்தாலும் தீர்த்துவைக்க முடியாது. சம்பளக் குறையைத் திறன் குறை என்று பெயர் மாற்றிப் பிள்ளைகள் மேல் போடுவது அநியாயம். அதை நான் பல கூட்டங்களில் நேருக்கு நேர் சொல்லியிருக்கிறேன்.

படி 2: உள்ளே இருப்பவர்களின் கைத்திறனுக்குத் தாள் வாங்கிக் கொடுங்கள்

புதியவர்களைத் தேடும் முன், ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைப் பாருங்கள். உருட்டும் இயந்திரத்தில் 25 வருடம் நின்றவர், ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கி இன்று நூறு பேருக்குத் தனியாகச் சமைப்பவர், லொறி எஞ்சினின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்பவர். இவர்களிடம் சான்றிதழ் கிடையாது. பலர் சாதாரண தரத்தோடோ அதற்கு முன்பாகவோ படிப்பை விட்டவர்கள்.

இவர்களுக்காகவே தேசிய தொழில் தகைமை முறையில் ஒரு வழி இருக்கிறது. என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். மொத்தம் 7 மட்டங்கள்: 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். 4 ஆம் மட்டம் என்றால் தன் தொழிலை முழுமையாகத் தெரிந்தவர் என்று பொருள். பாடநெறிக்குப் போகாமலேயே, வேலையில் கற்றதை மதிப்பீட்டாளர்களிடம் செய்துகாட்டி இந்தச் சான்றிதழைப் பெறலாம். முன் கற்றலுக்கான அங்கீகாரம் என்பது இதன் பெயர். நைட்டா என்று நாம் அழைக்கும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

அதற்கு வேண்டியது அவர் செய்த வேலைகளின் சான்றுகள்: சேவைக் கடிதம், வேலை செய்யும்போது எடுத்த படங்கள், செய்த பணிகளின் பட்டியல். சேவைக் கடிதம் கொடுக்கத் தயங்கும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். "தாள் கையில் வந்தால் டுபாய்க்குப் போய்விடுவான்" என்று பயப்படுகிறார்கள். சிலர் போவார்கள்தான். ஆனால் தாள் இல்லாததால் மட்டுமே நம்மிடம் தங்கியிருக்கும் ஒருவர் நாளை புதிய பையனுக்கு மனம் திறந்து எதையும் கற்றுக்கொடுக்கமாட்டார். நான் இருந்த இடத்தில் நாலு பேருக்குச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தோம். அதில் ஒருவர் அதைச் சட்டகம் போட்டு லயத்து வீட்டின் முன்னறையில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். அடுத்த பருவத்தில் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் மூவர் அவருடைய லயத்துப் பிள்ளைகள்.

இவர்கள்தான் பிறகு உங்கள் பயிற்றுவிப்பாளர்கள். படி 6 க்கு இவர்கள் இல்லாமல் போக முடியாது.

படி 3: யாரிடம் போவது

மலையகத்திலும் அதைச் சுற்றியும் உள்ள நிறுவனங்களை, எதற்கு யார் என்ற கணக்கில் சொல்லிவிடுகிறேன்.

நைட்டாவின் பலம் வேலைத்தளத்துப் பயிலுநர் பயிற்சி. பிள்ளை உங்கள் இடத்தில் வேலை பழகுவான். ஒப்பந்தத்தில் அதிகார சபையும் நீங்களும் பயிலுநரும் கையெழுத்திடுவீர்கள். இயந்திரம், மின்சாரம், மோட்டார் வாகனம் போன்ற வேலைகளுக்கு இதுவே என் முதல் தெரிவு.

இலங்கை தொழிற்பயிற்சி அதிகார சபை 1995 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. மாவட்டந்தோறும் நிலையங்கள் நடத்துகிறது. குறுகிய காலப் பாடநெறிகள் வேண்டுமானால் அங்கே பேசுங்கள். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வி மற்றும் பயிற்சித் திணைக்களத்தின் தொழில்நுட்பவியல் கல்லூரிகள் கண்டியிலும் பதுளையிலும் உள்ளன. டிப்ளோமா மட்டத்து ஆட்கள் வேண்டுவோர் அங்கே போகவேண்டும். கணக்கியல், முகாமைத்துவம் போன்றவற்றில் உயர் தேசிய டிப்ளோமா நடத்தும் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்களும் அதே இரண்டு நகரங்களில் இருக்கின்றன.

ஹோட்டல்காரர்களுக்குச் சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் கண்டிக் கிளையும் பண்டாரவளைக் கிளையும் அருகில் உள்ளன. எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியா விடுதிக்காரர்களில் பலர் பண்டாரவளைக் கிளையின் வாசலைக்கூட மிதித்ததில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்.

தேயிலைக்குத் தலவாக்கலை சென் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் உண்டு. 1925 இல் தொடங்கிய நிறுவகம் அது. பதனிடல் பற்றிய ஆலோசனையும் பயிற்சியும் அங்கே கிடைக்கும். தோட்ட உத்தியோகத்தர்களுக்கான பாடநெறிகளை அத்துருகிரியவில் உள்ள தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் நடத்துகிறது. பதுளையில் 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. அங்குள்ள மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்பாக உங்கள் தொழிற்சாலையின் ஒரு சிக்கலைக் கொடுக்கலாம்.

பாடசாலைகளை மறந்துவிடாதீர்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் வந்தது. சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் தொடர்ந்து படிக்கும் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017 இல் தொடங்கியது. அதில் தொழிற்பாடங்களுக்கு வேலைத்தளப் பயிற்சி இடம் தேவை. உங்கள் பகுதியில் எந்தப் பாடசாலையில் இவை இருக்கின்றன என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் வேலைவாய்ப்பைப் பார்க்கும் மனிதவள உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். எந்தக் குடும்பத்தில் வேலை தேடும் பிள்ளை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

எந்த நிலையமாக இருந்தாலும் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, குறித்த பாடநெறி என்.வி.கியூ. தரத்துக்கு அங்கீகரிக்கப்பட்டதா? இதைக் கேட்காமல் சேர்த்துவிட்டு, பிள்ளையின் கையில் மதிப்பில்லாத தாள் வந்து சேர்ந்த கதைகள் மலைநாட்டில் நிறைய உண்டு.

படி 4: முதல் சந்திப்பைத் தொழிற்சாலைக்குள் வையுங்கள்

எனது முதல் முயற்சி தோற்றுப்போனது. அதைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். ஒரு பயிற்சி நிலையத்தோடு பேசி, மின்னியல் பாடநெறிக்கு எங்கள் பகுதியிலிருந்து 11 பிள்ளைகளை அனுப்பினோம். கடிதம் எழுதினோம், கைகுலுக்கினோம், படமும் எடுத்துக்கொண்டோம். வகுப்பு சிங்களத்தில் நடந்தது. தமிழில் கற்பிக்க ஆளில்லை என்று இரண்டாவது வாரத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிள்ளைகள் வாய்திறந்து சொல்லவில்லை. கரும்பலகையில் உள்ளதைப் படம் வரைவதுபோல எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இரண்டாவது மாத முடிவில் நாலு பேர்தான் மிஞ்சினார்கள். எந்த மொழியில் நடக்கும் என்று முன்கூட்டியே கேட்காதது எங்கள் பிழை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நிலையத்தின் பொறுப்பாளரையும், பாடம் எடுக்கப்போகும் போதனாசிரியரையும் சேர்த்து ஒரு முழு நாள் எங்கள் இடத்துக்கு அழைப்பேன். போதனாசிரியர் வராமல் பொறுப்பாளர் மட்டும் வந்தால் அந்தச் சந்திப்பைத் தள்ளிவைப்பேன். பாடத்தை வகுப்பில் எடுப்பவர் அவர்தானே. இயந்திரம் ஓடும்போதே சுற்றிக்காட்டுவேன். படி 1 இல் எழுதிய கொப்பியை அவர் கையில் கொடுப்பேன். "இதில் எதை உங்கள் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே கற்பிக்கிறீர்கள்?" என்று கேட்பேன். பாதிக்கு மேல் இருக்கும். ஆனால் பயிற்சி நிலையத்தில் இருக்கும் மோட்டார் 20 வருடம் பழையது, நம்மிடம் இருப்பது புதியது. அங்கேதான் நாம் கொடுக்கக்கூடியது இருக்கிறது: கழற்றிப் போட்ட மோட்டார், பழைய கட்டுப்பாட்டுப் பலகை, உடைந்த வால்வு. நாம் பழைய இரும்புக் கடைக்குப் போடும் பொருள் அவர்களுக்கு ஒரு வருடப் பாடம்.

மொழியைப் பற்றி அன்றே பேசித் தீர்த்துவிடுங்கள். தமிழ்மொழிப் போதனாசிரியர் இல்லையென்றால், உங்கள் மின்னியலாளர் ஒருவரை வாரத்தில் ஒரு நாள் துணைப் பயிற்றுவிப்பாளராக அனுப்ப முடியுமா? கலைச்சொற்களைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க முடியுமா? நாங்கள் அப்படி 140 சொற்களுக்கு ஒரு தாள் செய்தோம். பிள்ளைகள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். மழையில் நனைந்து கிழிந்தபோது தாங்களே புதிதாக எழுதிக்கொண்டார்கள்.

படி 5: உடன்படிக்கை

இரண்டு பக்கம் போதும். யார் எத்தனை பேரை எடுப்பது, எத்தனை மாதம், வாரத்தில் எந்த நாள் வகுப்பு, எந்த நாள் வேலைத்தளம், பயிற்சிக் கொடுப்பனவு எவ்வளவு, அதை யார் கொடுப்பது, பாதுகாப்புக் காலணியும் கையுறையும் யார் பொறுப்பு, விபத்து நடந்தால் என்ன செய்வது, முடிந்த பிறகு எத்தனை பேருக்கு எந்தச் சம்பளத்தில் வேலை. கடைசி வரியை எழுதாமல் விட்டால் பெற்றோர் நம்பமாட்டார்கள், நம்பவும் தேவையில்லை.

சட்டத்தில் மூன்றை நினைவில் வையுங்கள். வேலைக்கான குறைந்தபட்ச வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயது நிறையாதவர்களை அபாயகரமான வேலைகளில் வைக்கக்கூடாது. ஆகவே சாதாரண தரம் முடித்த 16 வயதுப் பிள்ளையை பாய்லர் பக்கமோ உருட்டும் இயந்திரத்தின் பக்கமோ நிறுத்தவே நிறுத்தாதீர்கள். தனியார் துறைப் பயிலுநர்களுக்கென 1978 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் வரைவைத் தொழில் அலுவலகத்தில் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பயிற்சி முடிந்து வேலைக்கு எடுத்த முதல் மாதத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், ஊழியரின் பங்கு 8 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு உங்கள் 3 சதவீதம் போகவேண்டும். பயிலுநர் என்ற பெயரை இரண்டு மூன்று வருடங்கள் நீட்டி மலிவாக வேலை வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யும் இடத்தோடு கூட்டுச் சேரவேண்டாம் என்று பயிற்சி நிலையங்களுக்கு வெளிப்படையாகவே சொல்கிறேன்.

படி 6: பிள்ளைகள் வந்து சேரவும் தங்கவும் வழி செய்யுங்கள்

ஒரு திட்டம் முறிவது பெரும்பாலும் இங்கேதான்.

அழைப்பைக் கடிதத்தில் மட்டும் அனுப்பாதீர்கள். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி, நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு வீட்டுக்குப் போகும். தொலைபேசியில் பேசுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பாடசாலை அதிபரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். பதிவின்போது தேசிய அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும் பாடசாலைச் சான்றிதழில் வேறு எழுத்துமாகப் பெயர் இருப்பது நம்மிடையே சாதாரணம். பாடநெறி முடிந்து சான்றிதழ் அச்சடிக்கும் நேரத்தில் அது பெரிய தலையிடியாகும். முதல் வாரத்திலேயே பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்கு அனுப்பிச் சரிசெய்யத் தொடங்கிவிடுங்கள்.

காலம் முக்கியம். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களில்தான் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தரகர் வந்து பஸ் ஏற்றிவிடுகிறார். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே நீங்கள் பாடசாலைக்குப் போய்ப் பேசியிருக்கவேண்டும்.

பெற்றோரை அழையுங்கள். ஹோட்டல் வேலை என்றால் பெண்பிள்ளைகளின் பெற்றோர் இன்றும் முகம் சுளிக்கிறார்கள். அவர்களை ஏசிப் பயனில்லை. அவர்கள் கேட்ட கதைகள் அப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினைந்து குடும்பங்களை ஹோட்டலுக்கு அழைத்துச் சமையலறை, சலவை அறை, பெண்கள் தங்கும் அறை, இரவு வாகனம் எல்லாவற்றையும் காட்டினோம். ஒரு தாய் தங்கும் அறையின் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தார். "மகள் வருவாள் ஐயா" என்றார். நாங்கள் அச்சடித்துக் கொடுத்த துண்டுப்பிரசுரம் ஒன்றும் அந்தத் தாழ்ப்பாளுக்கு ஈடாகவில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அண்ணனையோ அக்காவையோ பொறுப்பாக வையுங்கள். படி 2 இல் சான்றிதழ் பெற்றவர்கள் இதற்கு மிகப் பொருத்தம். அவர்களுக்கு இந்த வேலைக்கென ஒரு கொடுப்பனவு கொடுங்கள். சொந்த வேலையையும் பார்த்து, இலவசமாகக் கற்றுக்கொடுக்கவும் சொன்னால் மூன்றாவது வாரத்தில் பிள்ளை தேநீர் வாங்கப் போகும் ஆளாகிவிடுவான். தினக்குறிப்புப் புத்தகம் ஒன்று கொடுத்து, அன்று செய்த வேலையை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதட்டும். போதனாசிரியர் மாதம் ஒருமுறை வந்து அதைப் படிக்கவேண்டும்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். எங்கள் வரவேற்பறைக்கு வந்த ஒரு பெண்பிள்ளை மூன்று மொழியும் தெரிந்தவள். ஆனால் தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டாள். முகத்தைப் பார்த்துப் பேசச் சரளமாக வந்த ஆங்கிலம், முகம் தெரியாத குரலைக் கேட்டதும் நின்றுவிடும். பேச்சு ஆங்கில வகுப்புக்கு இன்னும் ஆறு மாதம் அனுப்பியிருந்தாலும் அது தீர்ந்திருக்காது. உள்தொலைபேசியில் சமையலறையிலிருந்து ஒரு அண்ணன் வாடிக்கையாளர் போலப் பேசுவார்: அறை கேட்பார், விலை கேட்பார், கோபப்படுவார். ஒரு நாளைக்கு இருபது நிமிடம். ஐந்தாவது வாரத்தில் உண்மையான முன்பதிவு ஒன்றை அவளே எடுத்தாள். "ஆங்கிலம் தெரியாது" என்று நீங்கள் எழுதிய வரியை, எந்த இடத்தில் எந்தப் பேச்சு என்று பிரித்துப் பாருங்கள். சமையலறை உதவியாளருக்குக் கட்டளைச்சீட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும். அவருக்கு இலக்கணம் கேட்டு வேலை மறுப்பது வீண்.

படி 7: சிறியவர்கள் சேர்ந்து செய்யுங்கள்

ஐந்து அறை விடுதி நடத்துபவரால் தனியாக ஒரு வகுப்பை நிரப்ப முடியாது. எட்டுப் பேர் சேர்ந்தால் முடியும். ஒருவரிடம் சமையலறை நல்லது, இன்னொருவரிடம் சலவை, வேறொருவரிடம் வெளிநாட்டவர் அதிகம். பிள்ளைகள் மாதத்துக்கு ஒரு இடம் என்று சுற்றிவரட்டும். பயிற்சி முடியும்வரை ஒருவர் ஆளை மற்றவர் இழுக்கமாட்டோம் என்று வாயால் சொல்லாமல் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். வாகனத் திருத்தகங்களும் பேக்கரிகளும் இதையே செய்யலாம். முதல் தடவை ஆறு பிள்ளைகளுக்கு மேல் எடுக்கவேண்டாம்.

படி 8: முடிந்த பிறகு கணக்குப் பாருங்கள்

மூன்றாவது, ஆறாவது, பன்னிரண்டாவது மாதங்களில் நாலு விடயங்களை எழுதுங்கள்: எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், போனவர்கள் எங்கே, ஏன் போனார்கள், படி 1 இன் கொப்பியில் எந்த வரிகளை இப்போது அடித்துவிடலாம். விலகியவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். நாங்கள் அப்படிப் பேசியபோது, மூன்று பேர் விலகிய காரணம் வேலையே அல்ல, காலைச் சாப்பாடு என்று தெரிந்தது. ஆறு மணி அணிக்கு வர நாலரைக்கு வீட்டைவிட்டுப் புறப்படும் பிள்ளை பத்து மணிவரை வெறும் வயிற்றோடு நிற்கிறான். ரொட்டியும் சம்பலும் தேநீரும் கொடுக்கத் தொடங்கினோம்.

இந்தக் கணக்கைப் போதனாசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தான் கற்பித்த பிள்ளை எங்கே இருக்கிறது, எந்தப் பாடம் பயன்பட்டது, எது பயன்படவில்லை என்ற தகவல் அவர்களுக்குப் பெரும்பாலும் திரும்பிப் போவதே இல்லை. அதைப் பார்த்த பிறகு ஒரு போதனாசிரியர் காற்றழுத்தக் குழாய்களைப் பற்றிய பாடத்தை இரண்டு நாளிலிருந்து ஆறு நாளாக்கினார். பாடசாலை அதிபருக்கு அனுப்பும் பிரதியோடு, அடுத்த சாதாரண தரப் பரீட்சைக்கு முன் நீங்கள் பாடசாலைக்கு வரும் திகதியையும் எழுதி அனுப்புங்கள்.